சிங்கத்தின் நகம்

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? நேற்று போனில் நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் பதறிப்போய் இறங்கி வந்துவிட்டார். அவருக்குக் கேட்டது உனக்குக் கேட்கவில்லை. காதுக்கு மெஷின் வாங்கித் தருகிறேன் என்றால் "எனக்கென்ன கேடு" என்கிறாய். சரி, நமக்கு இனிமேல் கடிதம்தான். இதிலும் ஒரு லாபம் இருக்கிறது, குறுக்கே பேச உன்னால் முடியாது.

சேதி இதுதான். இவ்வளவு நாள் அருங்காட்சியகத்தில் உடைந்த சட்டிக்கும் பானைக்கும் எண் ஒட்டிக்கொண்டிருந்த உன் மகளை, காப்பாட்சியர் தன் அறைக்குக் கூப்பிட்டு, புதிதாகத் திறக்கப்போகும் வாள் அறைக்கு விளக்க அட்டைகளை எழுதச் சொல்லியிருக்கிறார். எல்லா அட்டைகளையும் நானே எழுதவேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறையின் நடுவில் ஒரே ஒரு வாள்தான் தனிக் கண்ணாடிப் பெட்டியில் நிற்கப்போகிறது. பாரசீகத்து வளைந்த வாள். பிடியிலிருந்து கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் மனசு மாறியதுபோல வளைகிறது. அதற்குப் பெயர் ஷம்ஷீர். காப்பாட்சியர் என்ன சொன்னார் தெரியுமா? "ஜனங்க வாளைப் பாப்பாங்க, பேரைப் படிப்பாங்க, நகர்ந்துடுவாங்க. பேருக்குள்ள ஒரு கதை இருந்தாத்தான் நிப்பாங்க. அந்தக் கதையைக் கண்டுபிடி." அட்டை உள்ளங்கை அகலம்தான். அதில் பெயரின் பொருளுக்கு ஒரே ஒரு வரி.

எங்கள் நூலகத்தில் பாரசீக மொழிக்கென்று ஒன்றும் கிடையாது. எனக்குத் தெரிந்து பாரசீகம் படித்த ஒரே ஆள் நீதான். கப்பல் கம்பெனியில் அத்தனை வருஷம் அந்த மொழிக் கடிதங்களை மொழிபெயர்த்தவள் நீ. ஷம்ஷீர் என்றால் என்ன? எங்கிருந்து வந்த சொல்? சீக்கிரம் எழுது.

உன்,
சுண்டெலி

*

ஜூன் 11

என் செல்லச் சுண்டெலிக்கு,

உன் கடிதத்தை உங்கப்பா உரக்கப் படித்தார், பிறகு நான் வாங்கிப் படித்தேன், பிறகு கீழே தையற்கடைக்காரர் கேட்டார் என்பதற்காக அவருக்கும் ஒருமுறை படித்துக் காட்டினேன். புத்தக ஓரத்தைக் கொறித்துத் தின்று இந்தப் பட்டப்பெயர் வாங்கிய பெண், இன்று ஊரே படிக்க எழுதப்போகிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சொல்லுக்கு வருவோம். இதைக் கேட்க இவ்வளவு தயக்கமா? ஷீர் என்றால் சிங்கம். முன்பாதி, நகம். ஷம்ஷீர் என்றால் சிங்கத்தின் நகம். பூனை வீட்டில் இருந்தால் அதன் பாதத்தை அமுக்கிப் பார், நகம் வெளியே வரும்போது எப்படி வளைந்து வருகிறது என்று. அந்த வளைவுதான் இந்த வாள். ஒரு பெயருக்குள் ஒரு மிருகமே உட்கார்ந்திருக்கிறது. இதைவிட உங்கள் காப்பாட்சியருக்கு என்ன கதை வேண்டுமாம்?

நம் மொழியிலும் வளைந்த வாளுக்குச் சொல் இருக்கிறது. கொடுவாள். கொடுமையான வாள் என்று நினைத்துக்கொள்வார்கள் பலர். இல்லை. கொடு என்றால் வளைந்தது. வளைந்த வாள், அவ்வளவுதான். நம் ஆட்கள் கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பாரசீகக்காரர்களோ சிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு, "உறுதியாத் தெரியுமா? கட்டத்துல பொருந்தலேன்னாலும் அடிச்சுச் சொல்ற ஆளாச்சே நீ" என்கிறார். தெரு முழுக்க என்னை அகராதி என்று கூப்பிடுவது வெறும் கேலிக்கு மட்டும் இல்லை என்று அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. நீ தைரியமாக எழுது.

அன்புடன்,
அம்மா

*

ஜூலை 2

அன்புள்ள அம்மாவுக்கு,

அட்டை அச்சாகி வந்துவிட்டது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. "ஷம்ஷீர்: சிங்கத்தின் நகம் என்று பொருள். நகத்தைப்போல் வளைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது." காப்பாட்சியர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "இதை வாசல் பலகையிலயும் பெருசாப் போடு" என்றார். இப்போது அறைக்குள் நுழையும் இடத்திலேயே சுவர் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள்: சிங்கத்தின் நகம்.

எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு அட்டைக்கும் மூலம் எது என்று கோப்பில் குறிக்கவேண்டும். புத்தகமா, ஆவணமா, ஆளா என்று. அதில் "பாரசீக மொழி அறிஞர் ஒருவர் தந்த தகவல்" என்று எழுதினேன். அறிஞர்! சந்தோஷமா?

திறப்பு விழா அடுத்த வாரம். நீ வரலாமா என்று அப்பா கேட்டு எழுதியிருந்தார். வரலாம்தான் அம்மா. ஆனால் வெளியூர்களிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள், நிற்க இடமிருக்காது, எல்லாரும் மெல்லிய குரலில் பேசுவார்கள், உனக்கு ஒன்றும் காதில் விழாது. நீதான் சங்கடப்படுவாய். கூட்டம் ஓய்ந்தபிறகு ஒரு நாள் நிதானமாக வா, நானே சுற்றிக் காட்டுகிறேன்.

உன்,
சுண்டெலி

*

ஜூலை 8

என் சுண்டெலிக்கு,

வராமலிருப்பதே நல்லது என்று நானும் நினைத்தேன். சாம்பல் நிறப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன், அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. காது கேட்காதவளை வைத்துக்கொண்டு நீ விழாவைப் பார்ப்பாயா, என்னைப் பார்ப்பாயா? எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருந்தது, உங்கப்பாவிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

ஆனால் சேதியை மட்டும் என்னால் அடக்க முடியவில்லை. தையற்கடைக்காரரிடம் சொன்னேன். மருந்துக் கடையில் சொன்னேன். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னேன், அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. பேருந்து நிறுத்தத்தில் நின்ற, முன்னேபின்னே தெரியாத ஒரு பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். பாவம், அவள் பேருந்து வந்ததும் ஓடியே போய்விட்டாள்.

அறிஞர் என்று எழுதினாயாமே. உங்கப்பா அன்றையிலிருந்து "அறிஞரே, காப்பி ஆறுது" என்றுதான் கூப்பிடுகிறார்.

விழா முடிந்ததும், எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள், அந்த வரியைப் படித்துவிட்டு என்ன சொன்னார்கள், எல்லாம் ஒன்று விடாமல் எழுது.

அம்மா

*

ஜூலை 29

அன்புள்ள அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். விழா நன்றாக நடந்தது. நிறையப் பேர் வந்திருந்தார்கள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் சொட்டச் சொட்டக் குடைகளோடு வருகிறார்கள். ஒரு குடைகூட இன்னொன்றைப் போல் இருப்பதில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். பிடி உடைந்ததைச் சிலர் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். நேற்று ஒருவர் பள்ளிப் பை அளவுக்கு பூட்டுப் போட்ட ஒரு பையைக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க மறந்து வீட்டுக்கே போய்விட்டார்.

அப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்

*

ஆகஸ்ட் 5

அம்மாடி,

உன் கடிதம் இரண்டு நாளாக என் தலையணைக்கடியில் கிடக்கிறது. எடுப்பதும் படிப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன்.

எத்தனையோ வருஷம் கடிதங்களை மொழிபெயர்த்தே சம்பளம் வாங்கியவள் நான். "சரக்கு நல்லபடியாகப் புறப்பட்டது" என்று எழுதிவிட்டு, பாக்கித் தாளில் வானிலையைப் பற்றி எழுதுகிறவனின் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ வாளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய். இப்போது குடையைப் பற்றி எழுதுகிறாய். யாரோ பையை உன் கையில் கொடுக்கிறார்கள், உன்னிடமிருந்து திரும்ப வாங்க மறந்து போகிறார்கள். கடைசியில் சுண்டெலி என்றுகூடப் போடவில்லை.

என்ன நடந்தது? என்னிடம் மென்று முழுங்காதே. தையற்கடைக்காரர் அடுத்த மாதம் குடும்பத்தோடு உன் ஊருக்கு வருகிறாராம். முதல் வேலையாக அந்தச் சிங்கத்தின் நகத்தைப் பார்க்கவேண்டுமாம். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு.

அம்மா

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

உன்னிடமிருந்து எதையும் மறைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். சொல்கிறேன். ஆனால் நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

திறப்பு விழாவுக்கு வந்தவர்களில் ஒரு பெண் நிபுணர். பழைய ஆயுதங்களைப் பற்றி மட்டுமே ஆயுசு முழுக்கப் படித்தவராம். எல்லாரையும் அழைத்துக்கொண்டு காப்பாட்சியர் அறைக்குள் வந்தார். வாசல் சுவரைக் காட்டி, "இது எங்க பொண்ணு எழுதினது" என்று என்னை முன்னால் நிறுத்தினார். அந்த அம்மாள் படித்தார். சிரித்தார். கேலிச் சிரிப்புகூட இல்லை, சின்னப் பிள்ளைகள் எதையாவது சொன்னால் சிரிப்போமே, அந்த மாதிரி.

"இதை எழுதினவங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவரே விளக்கினார். ஷம்ஷீர் என்பது மிகப் பழைய சொல்லாம். பழைய நூல்களில் அதன் வடிவமே வேறு மாதிரி இருக்குமாம். அந்தக் காலத்தில் அது எந்த வாளுக்கும் பொதுப்பெயர். "அப்போ அவங்க வச்சிருந்த வாள் எல்லாம் நேரா இருந்துச்சும்மா. வளைஞ்ச வாள் வந்ததே ரொம்பப் பின்னாடி. வளையாத வாளுக்கு எப்படி நகம்னு பேர் வச்சிருப்பாங்க?" என்றார். சிங்கக் கதை பின்னால் யாரோ கட்டியதாம். சொல்லின் வேர் எதுவென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். அந்தச் சொல்தான் கடல் தாண்டிப் போய் வேறு மொழிகளிலும் வளைந்த வாளுக்குப் பெயராகியிருக்கலாம் என்பார்களாம், அதுவும் நிச்சயமில்லையாம்.

காப்பாட்சியர் முகத்தில் ஈயாடவில்லை. சுவர் அளவுக்கு எழுதி வைத்திருக்கிறார் பார். கூட்டத்தில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அந்தத் தரை அப்படியே பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடாதா என்று இருந்தது. மறுநாள் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரு இந்த அறிஞர்? பேரைச் சொல்லு" என்றார். அறிஞர் என்று யாரும் இல்லை, நானே கற்பனையாக எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். உன் பெயரை நான் இழுக்கவில்லை.

இப்போது நுழைவாயிலில் பைகளும் குடைகளும் வாங்கி வைக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வருஷ முடிவில் என்ன செய்வதென்று பார்ப்பார்களாம். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். வாசல் சுவருக்கு மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். பை கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு "அங்க என்ன இருந்துச்சு?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை அம்மா. நீ நம்பியதைத்தான் எழுதினாய். யாரோ உனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்திருப்பார்கள். தையற்கடைக்காரரிடம் மட்டும் எதையாவது சொல்லி அவரை வராமல் பார்த்துக்கொள்.

உன் மகள்

*

செப்டம்பர் 3

அம்மாடி,

இந்தக் கடிதத்தை இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன். கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். எனக்குக் கோபப்படும் யோக்கியதை இல்லை. "நீ நம்பியதைத்தான் எழுதினாய்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் நம்பவில்லையடி. எனக்குத் தெரியும்.

கம்பெனியில் என் எதிர்மேசைக்காரர் அந்த மொழி பேசுகிறவர். எனக்குப் பாரசீகம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மதிய இடைவேளையில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொல்லுக்குச் சொல் கதை சொல்வார். ஒரு நாள் இந்தச் சொல்லுக்கும் சொன்னார், சிங்கத்தின் நகம் என்று. நான் வாயைப் பிளந்து கேட்டேன். உடனே கையைத் துடைத்துக்கொண்டு, "அழகா இருக்குல்ல? ஆனா உண்மை இல்ல. எங்க ஆளுங்க எல்லாரும் சொல்லுவாங்க, படிச்சவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது" என்றார். உன் நிபுணர் சொன்ன அதே வார்த்தை.

உனக்கு எழுதும்போது அது எனக்கு ஞாபகம் இருந்தது. "முன்பாதி, நகம்" என்று எழுதும் இடத்தில் பேனா நின்றது. எழுதாதே என்று மனசு சொல்லியது. அந்தப் பக்கம் உங்கப்பா வேறு "உறுதியாத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. வாய் கூசாமல் அடித்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அந்த அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்த பொம்பளை நான் ஒருத்திதான். மற்றவர்கள் "தெரியாது" என்றால், "சரி, கேட்டுச் சொல்லு" என்பார்கள். நான் ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், தெரியாது என்றேன். மானேஜர் சிரித்துக்கொண்டே, "அப்போ எல்லாருக்கும் டீயாவது சொல்லிட்டு வா" என்றார். போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன். தெரிந்ததைச் சொன்னேன், பாதி தெரிந்ததை முழுசாகச் சொன்னேன், தெரியாததை இன்னும் சத்தமாகச் சொன்னேன். அங்கே அது பிழைக்கிற வழி. ஆனால் நீ என்ன மானேஜரா? என் வயிற்றில் பிறந்தவள். உன்னிடமும் அப்படியே சொன்னேனே, அதை நினைத்தால் கூனிக் குறுகிப் போகிறேன். என் சிங்கத்தால் நீ குடை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். யாரிடமெல்லாம் பெருமையடித்தேனோ, அவர்களிடமெல்லாம் போய் அது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். மருந்துக் கடையில், "நீங்க சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார்கள். பல் டாக்டர், "அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். தையற்கடைக்காரர்தான் முகம் வாடிப்போய், "அப்போ சிங்கமே கிடையாதா? பசங்ககிட்ட சொல்லிட்டேனே" என்றார். கிடையாது, நான்தான் கதை விட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்துப் பெண் மட்டும் கிடைக்கவில்லை. அவள் எந்த ஊரில் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ.

உங்கள் காப்பாட்சியருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். தகவல் தந்தது நான், அது கட்டுக்கதை என்று தெரிந்தே தந்தேன், உங்கள் ஊழியர் என்னை நம்பியது தவிர வேறு தப்புச் செய்யவில்லை என்று. கப்பல் கம்பெனியில் ஓய்வு பெற்ற எழுத்தர் என்று கையெழுத்துப் போட்டேன். உன் அம்மா என்று எழுதவில்லை. எழுதினால் உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று தோன்றியது.

அம்மா

*

அக்டோபர் 6

அம்மாடி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. என் கடிதம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. சேர்ந்திருந்து, எழுத மனசில்லை என்றால் அதையும் எழுது. நான் ஏற்றுக்கொள்கிறேன். திட்ட வேண்டுமென்றால் வாயாரத் திட்டிவிடு.

வேலை என்னாயிற்று என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா

சுண்டெலிக்கு அப்பா எழுதுவது: உங்கம்மா மூலையில் உட்கார்ந்துவிட்டாள். குறுக்கெழுத்துக்கு ஒரு சொல் கேட்டால், "புத்தகத்தைப் பார்த்துக்கோங்க, என்னைக் கேக்காதீங்க" என்கிறாள். தப்பாகவாவது ஏதாவது சொல்லேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். கட்டமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. வீடு வீடாக இல்லை. இதை அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். ஒட்டுவதற்கு முன் படித்துவிடுவாள், அது வேறு விஷயம்.

*

நவம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு, அப்பாவுக்கும்,

கடிதம் கிடைத்தது. இரண்டும் கிடைத்தன. உன்மேல் கோபம் வந்தது உண்மைதான். தெரிந்தே எழுதினாயா என்று அன்று அழுதேன், குடை கொடுக்க வந்தவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று அலமாரிக்குப் பின்னால் போய் அழுதேன். ஆனால் நான் எழுதாமலிருந்தது அதனால் இல்லை. உன் கடிதத்தின் கடைசி வரியால்தான்.

எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று தோன்றியது என்று எழுதியிருந்தாய். உனக்கு எப்படித் தோன்றியது அம்மா? நான் எங்கேயும் சொல்லவில்லையே என்று முதலில் உன்மேலேயே எரிச்சல்பட்டேன். பிறகு நான் எழுதியதையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். கூட்டமாக இருக்கும், காது கேட்காது, சங்கடப்படுவாய். சங்கடப்பட்டிருக்கப் போவது நீ இல்லை. உரத்த குரலில் பேசும் அம்மாவை அந்த மெல்லிய குரல்காரர்கள் நடுவில் கொண்டுவந்து நிறுத்த எனக்குத்தான் மனசில்லை. நீ புடவையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாய்.

அறிஞர் என்று எழுதியதும் அதனால்தான். உன்னைக் கௌரவப்படுத்த எழுதியதுபோல உன்னிடம் பெருமையடித்தேன். மூலம் என்ற இடத்தில் "என் அம்மா" என்று எழுதக் கை வரவில்லை, அதுதான் நிஜம். காப்பாட்சியர் பேரைக் கேட்டபோது, உன்னைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். "அம்மா சொன்னாங்களாம்" என்று அவர்கள் சிரிப்பதைவிட, நானே பொய்க்காரி என்று பெயர் வாங்குவது எனக்கு மேலாகத் தெரிந்தது. உன் சிங்கத்தால் மட்டும் நான் குடை அறைக்குப் போகவில்லை.

போன வாரம் காப்பாட்சியர் கூப்பிட்டனுப்பினார். ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாராம். மேசைமேல் உன் கடிதம் விரித்துக் கிடந்தது. உன் கையெழுத்தைத் தலைகீழாகப் பார்த்தும் எனக்குத் தெரிந்துவிட்டது. "இந்த மாதிரி யாரும் எனக்கு எழுதினதில்ல. தப்பைத் தானா வந்து ஒத்துக்கிட்டு, காரணமும் சொல்லாம, உன்னை மட்டும் விட்டுடச் சொல்லி. யாரும்மா இவங்க?" என்றார்.

தெரிந்தவர் என்று சொல்லியிருந்தாலும் போதும், அவர் நம்பியிருப்பார். அப்போதும் ஒரு கணம் அதுதான் நாக்கில் வந்தது. அதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

"எங்கம்மா" என்றேன்.

அவர் உன் கடிதத்தை எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "கோப்புல அப்படியே எழுதியிருக்கலாமே" என்றார் கடைசியில்.

வேலை போகவில்லை. அட்டை எழுதும் மேசைக்குத் திரும்ப வந்துவிட்டேன், இனி நான் எழுதுவது எதுவும் இன்னொருவர் பார்க்காமல் அச்சுக்குப் போகாது. அது நியாயம்தான். ஷம்ஷீர் அட்டையை மாற்றி எழுதினேன். பழைய பாரசீகச் சொல், முன்பு எல்லா வாளுக்கும் பொதுப்பெயர், சிங்கத்தின் நகம் என்று மக்கள் சொல்வது பின்னால் எழுந்த கதை, வேர் தெரியவில்லை என்று எழுதினேன். யாரும் நிற்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நேற்று ஒரு கிழவர், "தெரியலைன்னு எழுதியிருக்காங்க பார்றா" என்று பக்கத்திலிருந்தவரைப் பிடித்து நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

மூலம் என்ற இடத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று அந்த நிபுணருடையது. "சிங்கக் கதையைச் சொன்னவர்" என்று போட்டு, அடுத்தது உன்னுடையது, முழுப் பெயர். அடைப்புக்குறிக்குள் "என் அம்மா" என்று எழுதியிருக்கிறேன். அலுவலகக் கோப்பில் அப்படியெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்று சொன்னார்கள். இருக்கட்டும் என்றேன்.

சாம்பல் நிறப் புடவையை எடுத்து வெளியே வை. கூட்டம் இருக்கும் நாளாகப் பார்த்து வா. அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா. உரக்கவே பேசு.

இன்னொன்று. அடுத்து இன்னொரு வளைந்த வாளுக்கு அட்டை எழுதவேண்டும். துருக்கியர்களுடையது, பெயர் கிலிஜ். எங்கிருந்து வந்த சொல்? உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

உன்,
சுண்டெலி

*

நவம்பர் 16

என் சுண்டெலிக்கு,

தெரியாது.

இந்த ஒரு வார்த்தையை எழுதுவதற்குள் நாலைந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு தாளில் சிங்கம்கூட வந்துவிட்டது. உங்கப்பா வாங்கிப் படித்துவிட்டு, "ஏம்மா, திருந்தவே மாட்டியா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு நான் மட்டும் கொஞ்சம் அழுதேன்.

புடவையை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். காதுக்கு மெஷின் பார்க்க நாளைக்குப் போகிறோம். உன்னோடு வரும்போது அந்த மெல்லிய குரல்காரர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கும் தெரியவேண்டாமா?

அந்தச் சொல்லின் வேர் எங்காவது கிடைத்தால் எனக்கும் எழுது.

அம்மா